கேளுங்க சொல்றேன்: தண்ணி ஊத்த நாப்பது பேரு, குழி அள்ள யாரு?

போன இதழ்ல, வெள்ளம், பூகம்பம், போர்னு ஏதாவது வந்தா தண்ணி, கழிப்பறை, சுகாதாரம் இந்த மூணு வேலையும் பண்ற அமைப்புகள நாடு முழுக்க யாரு ஒருங்கிணைக்கிறாங்கன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்களே இந்த பக்கம் முழுக்க போதும்போல இருக்கு. வேற விஷயம் கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: கஷ்டப்படுற நேரத்துல உதவ வர்றவங்கள உதவ விடாம நடுவுல ஒரு கமிட்டி, ஒரு தலைவர், ஒரு கூட்டம்னு எதுக்கு? வந்தமா தண்ணி குடுத்தமான்னு போக வேண்டியதுதானே?

பதில்: வர்றவங்க எல்லாரும் நல்ல மனசோடதான் வர்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா லாரி போற ரோடு எல்லாருக்கும் ஒண்ணுதான். அதனால ரோட்டோரம் இருக்கிற முகாமுக்கு காலைல ஒரு டேங்கர், மத்தியானம் ஒரு டேங்கர், சாயங்காலம் வேற ஒருத்தர் பாட்டில் தண்ணி, பாலம் உடைஞ்சு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு வாரம் ஆனாலும் ஒண்ணும் கிடையாது. இதுல யாரும் தப்பு பண்ணல, ஒவ்வொருத்தரும் தனியா யோசிச்சு சரியான முடிவுதான் எடுத்தாங்க, எல்லாரும் ஒரே முடிவ எடுத்துட்டாங்க, அவ்ளோதான். அந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போகலன்னு தெரியணும்னா மொத்தத்தையும் மேல இருந்து பாக்குற ஒருத்தர் வேணும்.

இது ரொம்ப பழைய பிரச்னை. 1991லயே ஐ.நா. பொதுச்சபை 46/182ன்னு ஒரு தீர்மானம் போட்டு அவசர உதவிய ஒருங்கிணைக்க ஒரு அமைப்ப உண்டாக்குச்சு. ஆனா 2004ல சூடான் நாட்டு டார்ஃபூர்ல சண்டை, வருஷக் கடைசில சுனாமின்னு வந்தப்ப பாத்தா சாப்பாடுன்னா யாரு, நோய்னா யாருன்னு ஓரளவுக்கு ஆள் இருந்துச்சு, தண்ணிக்கும் கக்கூஸுக்கும் இவர்தான் பொறுப்புன்னு கைகாட்ட ஆளில்ல. 2005ல இத ஆராய்ஞ்சு பாத்துட்டுதான் கிளஸ்டர்னு, அதாவது துறைக்கு ஒரு குழுன்னு, ஒரு முறைய கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை அமைப்பு, தண்ணி சுகாதாரத்துக்கு உலக அளவுல யுனிசெஃப். அந்த வருஷம் அக்டோபர்ல பாகிஸ்தான் பூகம்பத்துலதான் முதல்முதலா அத ஓட்டிப் பாத்தாங்க.

இந்த ஏற்பாட்டுல எனக்குப் பிடிச்ச ஒரே ஒரு விதி இருக்கு. ஒரு வேலைய எந்த அமைப்பும் எடுக்கலன்னா தலைமைல இருக்கிறவங்க அதுக்கு ஆள் பிடிக்கணும், கெடைக்கலன்னா போக வழியும் பாதுகாப்பும் பணமும் இருக்கிற வரைக்கும் தானே இறங்கி செய்யணும். இந்த விதிய எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் கூட்டம்தான்.

கேள்வி: தண்ணி குடுக்கறவங்க தண்ணி குடுக்கட்டும், கழிப்பறை கட்டறவங்க கட்டட்டும், சோப்பு குடுக்கறவங்க குடுக்கட்டும். மூணையும் ஏன் ஒண்ணா போட்டு கட்டறீங்க?

பதில்: நான் கட்டலங்க, வயித்துப்போக்கு கட்டுது. கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல குறைஞ்சது 30 மீட்டர் இருக்கணும், குழியோட அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலயாவது நிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. தண்ணிக்காரர் ஒரு பக்கம் போர்வெல் போட, கழிப்பறைக்காரர் அத தெரியாம நாலு அடி தள்ளி குழி வெட்டினா ரெண்டு பேரும் அவங்கவங்க ரிப்போர்ட்ல முடிஞ்சதுன்னு டிக் அடிச்சுடுவாங்க, நடுவுல இருக்கிற குடும்பம் பேதில படுத்துக்கும்.

கற்பனையா சொல்லல. 2017 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் சில மாசத்துல ஏழு லட்சம் ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துல காக்ஸ் பஜாருக்கு வந்து சேந்தாங்க. மலைச்சரிவு, நிக்கவே இடமில்ல, உதவ வந்த ஒவ்வொரு குழுவும் கெடைச்ச இடத்துல ஆழமில்லாத குழாய்க்கிணறும் அதுக்குப் பக்கத்துலயே கக்கூஸும் போட்டுட்டே போனாங்க. எண்ணிக்கைய பாத்தா அருமையா இருந்துச்சு. கொஞ்ச நாள்ல குழியெல்லாம் நிரம்பிப்போச்சு, அள்ளவும் வண்டி போக வழியில்ல, குடிக்கிற தண்ணில கழிவுக் கிருமி. அப்புறம்தான் பழைய கிணறுகள மூடு, ஆழமா போடு, குழிய இடம் மாத்துன்னு மறுபடி எல்லாத்தையும் செஞ்சாங்க. மலத்த சுத்திகரிக்கிறதுக்குன்னு 1,50,000 பேருக்கு ஆகற மாதிரி ஒரு பெரிய நிலையம் அங்க ஓட ஆரம்பிச்சது 2019லதான்.

அதாவது கட்டறதுக்கு ஆள் வரிசைல நிக்கும், ஏன்னா கட்டினா பேர் போட்டு போர்டு வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். குழி அள்ளறத யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. ஒருங்கிணைப்பு ஒழுங்கா நடக்குதான்னு பாக்கணுமா, யாரு கட்டினாங்கன்னு கேக்காதீங்க, யாரு அள்ளறாங்கன்னு கேளுங்க.

கேள்வி: நான் ஒரு தொண்டு நிறுவனத்துல வேலை பாக்கறேன். மாசா மாசம் கிளஸ்டருக்குன்னு ஒரு எக்ஸெல் ஷீட் ரொப்பி அனுப்பச் சொல்றாங்க, யாரு, என்ன, எங்க, எப்போன்னு. ரெண்டு நாள் முழுக்க போயிடுது அக்கா, அத யாராவது படிக்கிறாங்களா?

பதில்: படிக்கிறாங்க தம்பி, ஆனா நீங்க எப்படி ரொப்பறீங்களோ அப்படித்தான் படிக்க முடியும். அந்த ஷீட்டுல இருந்துதான் மேப் போடுவாங்க, இந்த மாவட்டத்துல ஆறு அமைப்பு, அந்த மாவட்டத்துல பூஜ்யம்னு கலர் அடிச்சு தெரியும், காசு குடுக்கறவங்க அந்த மேப்ப பாத்துதான் அடுத்த காசு எங்கன்னு முடிவு பண்ணுவாங்க. நீங்க அனுப்பலன்னா நீங்க வேலை பாக்குற ஊரு மேப்புல காலியா இருக்கும், அங்க இன்னொரு அமைப்ப அனுப்பிடுவாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஒரே குழாயடில நின்னு முறைச்சுக்க வேண்டியதுதான்.

ஆனா உங்க எரிச்சல்ல நியாயம் இருக்கு, அந்த ஷீட்டுல பொய் புகுற ஓட்டை நிறைய. நான் பாத்த வரைக்கும் மோசமானது, செய்யப்போறதையும் செஞ்சதையும் ஒரே கட்டத்துல போடறது. ஐம்பது கழிப்பறைக்கு பணம் வந்திருக்குன்னு ஐம்பதுன்னு போட்டுடுவாங்க, தரைல பன்னண்டுதான் நிக்கும், மேப்புல அந்த ஊரு பச்சையாயிடும், பச்சையான ஊருக்கு யாரும் போக மாட்டாங்க. இன்னொண்ணு ஊர் பேரு. ஒரே ஊர மூணு அமைப்பு மூணு விதமா எழுதும், கம்ப்யூட்டருக்கு அது மூணு ஊரு. இதுக்குத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோட் நம்பர் குடுத்திருப்பாங்க, பேர டைப் அடிக்காம அந்த கோட லிஸ்ட்ல இருந்து எடுத்து போடுங்க, பாதி தலைவலி அங்கயே போயிடும்.

அப்புறம் பயனாளிகள் கணக்கு. முகாம்ல 4,000 பேருன்னு வச்சுக்கோங்க, ஒருத்தர் தண்ணி குடுத்தேன் 4,000, இன்னொருத்தர் வாளி குடுத்தேன் 4,000, மூணாவது ஆளு கைகழுவ சொல்லிக் குடுத்தேன் 4,000, கூட்டிப் பாத்தா 12,000 பேருக்கு உதவியாச்சுன்னு ரிப்போர்ட் போகும். உள்ள இருக்கிறது அதே நாலாயிரம் ஜனம்தான். நல்ல தகவல் அலுவலரா இருந்தா இத கூட்ட மாட்டார், ஒரு இடத்துல வந்த பெரிய எண்ண மட்டும்தான் எடுத்துப்பார், ஆனா எல்லா இடத்துலயும் நல்ல தகவல் அலுவலர் இருக்கறதில்ல.

நீங்க ஒண்ணு பண்ணுங்க, ஷீட்டுல கேக்காட்டியும் குறிப்புன்னு இருக்கிற கட்டத்துல இன்னிக்கு அந்த குழாய் ஓடுதா, கழிப்பறைய மக்கள் பயன்படுத்தறாங்களா, குழி எவ்ளோ ரொம்பியிருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. அடுத்த கூட்டத்துல அத வாய்விட்டும் சொல்லுங்க. நாலு பேரு அப்படி எழுத ஆரம்பிச்சா அதுக்குன்னு ஷீட்டுலயே தனி கட்டம் வந்துடும்.

கேள்வி: ஆளுக்கு இவ்ளோ தண்ணி, இத்தன பேருக்கு ஒரு கழிப்பறைன்னு யாரு முடிவு பண்றது? அமைப்புக்கு அமைப்பு மாறுமா?

பதில்: மாறினா சண்டைதான். 1994ல ருவாண்டாலருந்து ஓடி வந்த மக்கள் பக்கத்துல, இப்போ காங்கோன்னு சொல்ற நாட்டுல, கோமாங்கிற ஊருல தங்கினாங்க, எரிமலைப் பாறை, குழி வெட்டவே முடியாத தரை, காலராவும் ரத்தபேதியும் பரவி முதல் ஒரு மாசத்துல சுமார் 50,000 பேரு செத்தாங்க. உதவிக்கு போன அமைப்புங்க நிறைய, ஆனா குறைஞ்சபட்சம் இதையாவது செய்யணும்னு ஒரு பொது அளவு கிடையாது. அந்த அனுபவத்துக்கு அப்புறம் 1997ல ஆரம்பிச்சதுதான் ஸ்ஃபியர்னு சொல்ற பொது தரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல வேணாம், கைபம்புன்னா 500 பேரு, 500 மீட்டருக்குள்ள தண்ணி, அரை மணி நேரத்துக்கு மேல வரிசைல நிக்க விடக்கூடாது. கழிப்பறை 20 பேருக்கு ஒண்ணு, முதல் சில நாளுக்கு மட்டும் 50 பேருக்கு ஒண்ணுன்னு சமாளிச்சுக்கலாம். பொதுக் கழிப்பறைன்னா ஆம்பளைங்களுக்கு ஒண்ணு கட்டினா பொம்பளைங்களுக்கு மூணு கட்டணும், உள்ள இருந்து தாழ்ப்பாள் போட முடியணும்.

இதெல்லாம் அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருந்தாது, அந்த நாட்டு அரசும் கிளஸ்டரும் உக்காந்து எங்களுக்கு இதுன்னு முடிவு பண்ணிக்கலாம். ஆனா முடிவு ஒண்ணா இருக்கணும். ஒருத்தர் குழாய் வச்ச வாளியும் சோப்பும் துணியும் குடுத்து, பக்கத்து வரிசைல இன்னொருத்தர் வெறும் சோப்பு மட்டும் குடுத்தா அந்த வரிசை சும்மா இருக்குமா. அதே மாதிரி வீடு வீடா போய் குளோரின் மாத்திரை போடச் சொல்லித் தர்ற தன்னார்வலருக்கு ஒரு அமைப்பு தினப்படி கூட குடுத்தா மறுநாள் எல்லாரும் அங்க போயிடுவாங்க, இந்தப் பக்கம் ஆளே இருக்காது. கூட்டத்துல ரொம்ப சூடா பேசறது குளோரின் அளவப் பத்தின்னு நினைச்சுக்காதீங்க, இந்த தினப்படியப் பத்திதான்.

கேள்வி: மீட்டிங் போட்டு டீ பிஸ்கட் சாப்ட்டுட்டு போறதுக்கு பேரு ஒருங்கிணைப்பா?

பதில்: சில இடத்துல ஆமா. ஒவ்வொருத்தரா எழுந்து நாங்க இந்த வாரம் இத பண்ணோம்னு வரிசையா சொல்லிட்டு போற கூட்டம்னா தைரியமா லீவ் போடுங்க, அத மெயில்லயே அனுப்பலாம். போன வாரம் யாரும் போகாத ஊரு எது, இந்த வாரம் அங்க யாரு போறீங்கன்னு கேட்டு பேரு எழுதிக்கிற கூட்டம்னா டீ குடுக்காட்டியும் போங்க.

கேள்வி: இந்த தலைமை நாற்காலில வெளிநாட்டு அமைப்புங்க எதுக்கு உக்காரணும்? அந்தந்த நாட்டு அரசாங்கம் என்ன பண்ணுது?

பதில்: அரசுதான் உக்காரணும்னு எழுத்துல தெளிவாவே இருக்கு, 1991 தீர்மானமே முதல் பொறுப்பு அந்த நாட்டு அரசோடதுன்னுதான் சொல்லுது. கிளஸ்டர்ங்கிறது அரசால மட்டும் தாங்க முடியாதபோது முட்டுக் குடுக்கறதுக்கு. ஆனா நடைமுறைல முட்டு குடுக்க வந்தவங்களே நடுக்கூடத்துல உக்காந்துக்கற கதை நடக்கும்.

ஹெய்ட்டில 2010 ஜனவரி பூகம்பத்துக்கு அப்புறம் பெரும்பாலான கிளஸ்டர் கூட்டம் ஐ.நா. வளாகத்துக்குள்ள, இங்கிலீஷ்ல நடந்துச்சு, உள்ளூர்க்காரங்க வாசல் கேட்ட தாண்டி உள்ள வர்றதே கஷ்டம்னு பெரிய விமர்சனம் வந்துச்சு. ஆனா தண்ணி கிளஸ்டர்ல டிநெப்பாங்கிற அந்த நாட்டு அரசுத் துறை தலைமைல இருந்துச்சு, அந்தத் துறை உருவாகியே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் உக்காந்தாங்க.

அதே வருஷம் அக்டோபர்ல காலரா வந்துச்சு. நூறு வருஷமா காலராவே பாக்காத நாடு. பூகம்ப முகாம்ல வரும்னு எல்லாரும் தலைநகர்ல காத்துக்கிட்டிருக்க, அது கிளம்பினது அர்த்திபோனித் ஆத்துப் பக்கம், ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒண்ணுல இருந்து ஆத்துல கலந்த கழிவால. ஊரு பூரா கழிவுநீர ஒழுங்குபடுத்தச் சொல்லிட்டிருந்த அதே ஐ.நா.வோட சொந்த கக்கூஸ் குழாய யாரும் போய்ப் பாக்கல! சுமார் 10,000 பேரு செத்தாங்க, ஐ.நா. மன்னிப்பு கேக்கறதுக்கு 2016 டிசம்பர் வரைக்கும் ஆச்சு. இத சொல்றது எதுக்குன்னா, கிளஸ்டர் மேப்புல ராணுவ முகாம், ஆபீஸ் கட்டடம், உதவிக்காரங்க தங்கற இடம் எல்லாம் சாதாரணமா வராது. அள்ளற பட்டியல்ல அதுவும் வரணும்.

பேரிடர் இல்லாத சாதா நாள்லயும் இந்த தலைமை பிரச்னை இருக்கு. தண்ணி ஒரு அமைச்சகம், நோய் ஒரு அமைச்சகம், பள்ளிக்கூட கழிப்பறை இன்னொண்ணு, காசு வேற ஒருத்தர் கையில. எத்தியோப்பியாவுல தண்ணி, சுகாதாரம், கல்வி, நிதி நாலு அமைச்சகமும் ஒப்பந்தம் போட்டு 2013ல ஒன் வாஷ்னு (வாஷ்னா தண்ணி, கழிப்பறை, சுகாதாரம் மூணும் சேந்தது) ஒரு தேசியத் திட்டம் ஆரம்பிச்சாங்க, ஒரே திட்டம், ஒரே பட்ஜெட், ஒரே ரிப்போர்ட்னு கொள்கை. இதுல நிதி அமைச்சகமும் கையெழுத்து போட்டுச்சு பாருங்க, அதான் விஷயம். காசு வச்சிருக்கறவர் வராத ஒருங்கிணைப்புக் குழுவுல எல்லாரும் ரொம்ப அழகா ஒத்துப் போவாங்க, ஒண்ணும் நடக்காது.

கேள்வி: நாங்க பத்து பேரு சேந்து நடத்தற சின்ன சங்கம். பெரிய அமைப்புங்க கூட உக்காந்தா எங்கள மதிப்பாங்களா? சேந்தா நிதி கெடைக்குமா?

பதில்: நிதிக்காக மட்டும்னா ஏமாந்துடுவீங்க, கிளஸ்டர் ஒண்ணும் பணப்பெட்டி இல்ல. சில நிதிக்கு விண்ணப்பம் போடும்போது கிளஸ்டரோட பரிந்துரை உதவும், அவ்ளோதான். ஆனா எங்க யாரு இருக்கா, என்ன அளவுல கட்டணும், குளோரின் எந்த குடோன்ல இருக்கு, லாரி எந்த ரூட்ல போகுதுங்கற தகவல் கெடைக்கும், சின்ன சங்கத்துக்கு அது பெரிய விஷயம். எல்லாரும் முழுசா உள்ள வந்துதான் ஆகணும்னும் இல்ல, எம்.எஸ்.எஃப்.னு சொல்ற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, செஞ்சிலுவை சர்வதேசக் குழு மாதிரி பெரிய ஆளுங்களே தங்களோட சுதந்திரம் முக்கியம்னு உறுப்பினரா சேராம, பார்வையாளரா வந்து தகவல் மட்டும் பகிர்ந்துட்டுப் போறாங்க.

மதிப்பு எப்ப வரும்னா, மத்தவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்போது. எந்த ஓடை மழைல எந்தப் பக்கம் பொங்கும், எந்தத் தெரு ஆளுங்கள எந்தக் குழாயடில விட மாட்டாங்க, ராத்திரில பொம்பளைங்க எந்த வழியா போக பயப்படுவாங்க, இதெல்லாம் எந்த எக்ஸெல்லயும் கிடையாது. கூட்டம் புரியாத மொழில நடந்தா மொழிபெயர்ப்பு குடுங்கன்னு முதல் நாளே கேட்டுடுங்க, கேக்கறதுல ஒரு கூச்சமும் வேணாம், குடுக்க வேண்டியது அவங்க கடமை. மாவட்ட அளவுலயும் கூட்டம் நடக்கும், தலைநகர் கூட்டத்த விட அதுதான் உங்களுக்கு உபயோகம்.

கேள்வி: அவசரம் முடிஞ்சு எல்லாரும் கிளம்பிப் போனதுக்கு அப்புறம்?

பதில்: கிளஸ்டர மூடறதுக்குன்னு முறை இருக்கு, எப்ப மூடலாம்னு அவ்வப்போது சரிபாக்கணும், பொறுப்ப அரசுத் துறைகிட்டயோ உள்ளூர் குழுகிட்டயோ ஒப்படைக்கணும். காகிதம் ஒப்படைக்கறது சுலபம். பம்புக்கு வாஷர் எந்தக் கடைல கெடைக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் காசு யாரு, குளோரின் ஸ்டாக் தீந்தா யாருக்கு போன் அடிக்கணும், குழி ரொம்பினா வண்டி யாருது, அள்ளினத எங்க கொண்டுபோய் கொட்டறது, இந்த அஞ்சுக்கும் ஆள் பேரு இல்லாம கையெழுத்து போடற துறை அதிகாரி பாவம், அவர் தலைல தான் எல்லாம் விழும். உங்க ஊருல ஏதாவது ஒப்படைப்பு கூட்டம் நடந்தா கடைசி ரெண்டு கேள்விய மட்டுமாவது கேட்டுப் பாருங்க, பதில் வரலன்னா எங்களுக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறோம்.